கிராணியார் போட்ட அரைப் பேர்

தீவில் இருந்தவள் என்று தெரிந்தால் போதும், ஈப்போவில் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "அக்கா, அப்ப தினமும் கடல்லதான் குளியலா?"

அடப் பாவிகளா! பங்கோர் தீவில் ஒரு சின்ன விருந்தினர் விடுதியில் தங்கி வேலை பார்த்த அத்தனை வருடத்தில் முழங்காலுக்கு மேல் கடல் தண்ணீர் என்மேல் பட்டதில்லை. கடலெல்லாம் வந்து போகிறவர்களுக்கு. எனக்கு வாய்த்தது அவர்கள் காலில் ஒட்டிக்கொண்டு வரும் மணல்.

போன மாதம் வேலையை விட்டுவிட்டேன். மூட்டு வலி, வயதாகிவிட்டது, மகள் கூப்பிடுகிறாள் என்று ஊருக்குச் சொல்லிக்கொள்கிறேன். மகள் கூப்பிட்டது உண்மைதான். அவள் பல வருடமாகக் கூப்பிடுகிறாள். நான் கிளம்பி வந்தது கோபத்தில். விடுதிக்காரர், அவரை நாங்கள் மேடம் என்போம், எல்லா அறைக் கதவுக்கும் நம்பர் பூட்டுப் போட்டுவிட்டார். வருகிறவன் கைபேசியில் வந்த எண்ணை அழுத்தி அவனே உள்ளே போவான், அவனே வெளியே போவான். "இனிமே நீ இங்க தங்க வேணாம்லா. காலையில வந்து கூட்டித் தொடச்சிட்டுப் போ" என்றார். காலையில் எங்கிருந்து வருவது? ஈப்போவிலிருந்து நீந்தியா? பையைக் கட்டினேன். "மகள் வீட்டுக்குப் போறேன்" என்றேன். "போ" என்றார்.

அந்தப் 'போ' இன்னும் என் காதிலேயே கிடக்கிறது. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

மகளோடு சிநேகமாக இருக்கும் ஒரு பெண் ஹோட்டல் வேலையில் சேர்ந்திருக்கிறாள். அவள்தான் கேட்டாள், "ஆன்ட்டி, உங்களை ரொம்பப் பாடாப் படுத்தின கெஸ்ட் யாரு?" குடித்துவிட்டு மொட்டை மாடியில் பாடியவன், குரங்குக்கு பிஸ்கட் கொடுத்துவிட்டு மூக்குக்கண்ணாடியை இழந்தவர் என்று பல பேர் வரிசையில் நின்றார்கள். ஆனால் நான் சொன்னது கிராணியாரைத்தான். அவர் யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யவில்லை. போக மாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டார், அவ்வளவுதான்.

நான் பீடோர் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய் வீடமைப்பு வந்தது. கமுந்திங்கில் கையுறைத் தொழிற்சாலை, ஈப்போவில் சாப்பாட்டுக் கடை என்று சுற்றி, வீட்டுக்காரர் இறந்தபின் தீவுக்குப் போனேன். வேலைப் பயிற்சி ஒரே காலையில் முடிந்தது. முதல் நாள் ஐந்து மணிக்கு எழுந்து, எல்லா அறைக் கதவையும் தட்டிப் பால் சேர்க்காத கோப்பி ஓ நீட்டினேன். விருந்தாளியை எழுப்பிக் கோப்பி கொடுக்காமல் விடுவது மரியாதையா? தோட்டத்தில் ஐந்து மணி என்றால் பெரட்டு. ஆள் எண்ணிப் பேர் பதியும் நேரம். அந்நேரத்தில் படுத்துக் கிடப்பவர் நோயாளி இல்லையென்றால் பிணம். இரண்டாம் அறையில் புதுமணத் தம்பதி. மாப்பிள்ளை கம்பளியைச் சுற்றிக்கொண்டு வந்து கதவைத் திறந்து, "தீயா?" என்று கேட்டான். மேடம் ஓடி வந்தார்.

"ஏய்! இது என்ன, உன் தோட்டமா? அவன் தூங்கத்தான் காசு குடுத்தான்!"

மேடம் சீனப் பெண்மணி. அவருடைய அப்பா சித்தியவான் பக்கத்தில் ஒரு தோட்டத்துக்கு மளிகைக் கடை வைத்திருந்தவர். கடை வாசலில் கள்ளுக் குடித்துவிட்டு உட்கார்ந்திருந்த ஆட்களிடம் கற்ற தமிழ் அவருடையது. சரளமாக இருக்கும், மரியாதை மட்டும் இருக்காது. உலகத்தில் எல்லாரும் அவருக்கு 'நீ'தான். ஓட்டுநரோடு வந்த, அரசாங்கப் பட்டம் வாங்கிய ஒரு டத்தோவைப் பார்த்து, "நீ சாப்டியா? சாப்டிருப்ப, வயிறப் பாத்தாலே தெரியுது" என்றார். நான் சமையலறைக்குள் ஒளிந்துகொண்டேன். அந்த டத்தோ அதன்பிறகு வேறு விடுதிக்கே போனதில்லை.

அறையைச் சோதிக்கும்போது மேடம் கண்ணால் பார்க்க மாட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு தரையில் நடப்பார். பிறகு கட்டிலில் உட்கார்ந்து, கண்ணை மூடி, உள்ளங்கையால் விரிப்பைத் தலைமாட்டிலிருந்து கால்மாட்டுவரை தடவுவார். "மணல் இருக்கு" என்பார். ஒரே ஒரு மணல் இருக்கும். விரிப்பை முன்பக்கம் உதறக்கூடாது, காற்று திருப்பிக் கொண்டுவந்து போட்டுவிடும். பின்பக்கம் கொய்யா மரத்தடியில்தான் உதற வேண்டும். ஈரத் துடைப்பத்தை முதலில் எடுத்தால் மணல் சேறாகி மூலைக்கு மூலை குடியேறும். முதலில் காய்ந்த துணி, பிறகுதான் ஈரம். படிக்கட்டில் கால் கழுவ ஒரு வாளித் தண்ணீரும் சிரட்டை அகப்பையும் எப்போதும் இருக்க வேண்டும். சன்னலைச் சாத்தாமல் வெளியே போகிற விருந்தாளியை வாசலிலேயே பிடித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். குரங்குகளுக்கு எந்த அறையில் ரொட்டி இருக்கிறது என்று எங்களைவிட நன்றாகத் தெரியும்.

எல்லாவற்றையும்விட இறுக்கமான சட்டம் ஒன்று உண்டு. விருந்தாளியைப் பார்த்து 'போ' என்று சொல்லக்கூடாது. கடைக்கு வந்தவனைப் 'போ' என்றால் அவன் பேரனும் திரும்பி வரமாட்டான் என்று மேடத்தின் அப்பா நம்பினாராம். அதனால் நேரம் கடந்தும் கிளம்பாதவர்களைக் கிளப்பும் பொறுப்பு என்னுடையது, அதுவும் சொல்லாமல். கட்டில் விரிப்பை உருவுவேன். காலடியில் பெருக்குவேன். "மதியச் சாப்பாடு லுமுட் போய்த்தானா?" என்று படகு போய்ச் சேரும் ஊரின் பேரைச் சொல்லி அன்பாகக் கேட்பேன். மூன்றாவதில் யாராக இருந்தாலும் கிளம்பிவிடுவார்கள்.

ஒரு பள்ளி விடுமுறைக்கு முந்திய வாரம், படகுத்துறையிலிருந்து வரும் இளஞ்சிவப்பு வேனில் ஒரு பெரியவர் வந்து இறங்கினார். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா, காலில் பளபளவென்று சப்பாத்து. கமுந்திங்கிலிருந்து வருவதாகச் சொன்னார். கடலைத் திரும்பியும் பார்க்கவில்லை. "ரெண்டு நாள்" என்று சொல்லிவிட்டு நாலாம் அறைக்குள் போனார்.

மறுநாள் ஐந்து மணிக்கு நான் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு வாசலுக்கு வந்தால், மனிதர் முற்றத்தில் சப்பாத்தோடு நிற்கிறார். கை இரண்டும் பின்னால் கட்டியிருக்கிறது. ஓடிப்போய் வரிசையில் நிற்க வேண்டும்போல இருந்தது. கிராணி! தோட்டத்துக் கணக்கர், பெரட்டில் நின்று பேர் பதிகிறவர். ஐந்து நிமிடம் பிந்தினாலும் என் அம்மாவுக்கு அரைப் பேர்தான் போடுவார்கள், அதாவது அரைநாள் சம்பளம்; வேலை மட்டும் முழுநாள். அன்றைக்கு எங்களுக்கு அடி விழும். கிராணியை அடிக்க முடியாதே.

"எந்தத் தோட்டம்?" என்று கேட்டார்.

"பீடோர் பக்கம் ஐயா."

"இந்நேரத்துக்கு எழுந்திரிச்சியே, அப்பவே நெனச்சேன்."

அதற்கடுத்த காலை அவருக்குச் சும்மா நிற்கப் பிடிக்கவில்லை. தஞ்சோங் மாலிமிலிருந்து வந்திருந்த பல்கலைக்கழகப் பிள்ளைகளைக் கதவைத் தட்டி எழுப்பி, முற்றத்தில் வரிசையாக நிறுத்தி, முகம் கழுவாதவர்களைத் தனியாகப் பிரித்துவிட்டார். எனக்கு உயிரே போய்விட்டது. ஆனால் அந்தப் பிள்ளைகள் இதுவும் விடுதியின் ஏற்பாடு என்று நினைத்துக்கொண்டார்கள். "அங்கிள், நாளைக்கும் உண்டா?" என்று ஒருத்தி கேட்டாள்.

இரண்டு நாள் முடிந்தது. கிராணியார் கிளம்பவில்லை. விரிப்பை உருவினேன்; வெறும் மெத்தையில் உட்கார்ந்துகொண்டார். காலடியில் பெருக்கினேன்; காலைத் தூக்கிக்கொண்டார். "மதியச் சாப்பாடு லுமுட் போய்த்தானா ஐயா?" என்றேன். "இங்கதான். மீன் இருந்தா நல்ல மீனாப் போடு" என்றார்.

மேடம் என்னைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனார். "வெள்ளிக்கிழமை நாலாம் நம்பருக்கு டாக்டர் குடும்பம் வருது. வருஷா வருஷம் வருது. நான் வாக்குக் குடுத்திட்டேன். அவன் கிளம்பலன்னா நீயும் அவன்கூடப் படகு ஏறிடு."

சொன்னால் செய்கிறவர். என் மகள் அப்போது ஈப்போவில் நாலு பெண்களோடு ஒரே அறையில் வாடகைக்கு இருந்தாள். அங்கே எனக்குக் கால் நீட்ட இடம் கிடையாது. விடுதி வேலை போனால் படுக்கிற இடமும் சேர்ந்து போகும். விரட்டவும் கூடாது, வைத்துக்கொள்ளவும் கூடாது என்றால் நான் என்ன செய்வேன்?

இன்னொரு கூத்தும் நடந்துகொண்டிருந்தது. கிராணியார் தன் பழைய பொத்தான் கைபேசியை என்னிடம் கொடுத்துவைத்திருந்தார். "சார்ஜ் போட்டு வை. யாரு அடிச்சாலும் எடுக்காத. எத்தன தடவ அடிச்சதுன்னு மட்டும் சொல்லு." தானே தொட்டுப் பார்த்தால் எதிர்பார்க்கிறார் என்று ஆகிவிடுமாம். அது அடிக்கவே இல்லை. முதல் நாள் "அடிக்கல ஐயா" என்றேன். அன்று அவர் சோற்றைப் பிசைந்துவைத்துவிட்டு எழுந்துபோனார். என்னால் தாங்க முடியவில்லை. மறுநாள் "ரெண்டு தடவ அடிச்சது ஐயா, உங்க மகன்னு போட்டிருந்தது" என்றேன். இரண்டு தட்டுச் சாப்பிட்டார்.

புதன்கிழமை நேராகவே கேட்டுவிட்டேன். "ஐயா, வீட்ல என்ன பிரச்சன?"

பேத்திக்குப் பரிசம். தாம்பூலத் தட்டு மாற்ற வேண்டியவர் வீட்டுக்கு மூத்தவரான இவர். இவர் கக்கூசுக்குப் போயிருந்தார். நல்ல நேரம் முடிகிறது என்று யாரோ அவசரப்படுத்த, மகன் தன் மாமனாரைக் கூப்பிட்டுத் தட்டைக் கொடுத்துவிட்டான்.

"வெளிய வந்து பாக்கறேன், அந்த ஆளு புது பாத்தேக் சட்டையோட என் தட்டப் புடிச்சிக்கிட்டு போட்டோவுக்குச் சிரிக்கிறான்! ரெண்டு நிமிஷம் பொறுக்க முடியலயா? ஏம்மா, நான் என்ன, உள்ள படுத்தா தூங்கினேன்?"

எனக்குச் சிரிப்பு முட்டியது. அவர் கண் கலங்கியிருந்ததைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

"அவன் வந்து கூப்பிடணும். கூப்பிட்டா அடுத்த படகுல ஏறிடுவேன்."

"நீங்க இங்க இருக்கறது அவருக்குத் தெரியுமா ஐயா?"

"தெரியாது."

"பின்ன எப்படி வருவாரு?"

"தேடணும்லா!" என்றார், என்னமோ நான்தான் புத்தி கெட்டவள்போல.

அன்று மாலை அவர் குளித்துக்கொண்டிருந்தபோது கைபேசி நிஜமாகவே அடித்தது. அது சத்தமா, சங்கா? கொய்யா மரத்துக் குரங்கே குதித்து ஓடியது. எடுக்காதே என்று சொன்னதை மறந்து எடுத்துவிட்டேன்.

"அப்பா, அண்ணன் வீட்ல சௌக்கியமா இருக்கீங்களா?" தஞ்சோங் மாலிமிலிருந்து மகள். நான் யார், அப்பா எங்கே என்று சொன்னதும் அலறிவிட்டாள். "ஐயோ அக்கா! அண்ணன் அவர் என் வீட்ல இருக்காருன்னு நெனச்சிக்கிட்டு இருக்காரு!"

மனிதர் மகனிடம் மகள் வீட்டுக்கு என்றும், மகளிடம் மகன் வீட்டில் என்றும் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். தேட வேண்டும் என்று காத்திருக்கிறார். காணாமல் போனதே யாருக்கும் தெரியாது! இதை அவரிடம் எந்த வாயால் சொல்வேன்? மகளிடம் அண்ணன் எண்ணை வாங்கிக் கூப்பிட்டேன். குணா என்று பேர். கமுந்திங் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர்.

"ஞாயித்துக்கிழமை வாரேன் அக்கா, இப்ப லீவு கிடையாது."

"தம்பி, வெள்ளிக்கிழமை அந்த அறைக்கு வேற ஆளு வருது. உங்கப்பா கிளம்பலன்னா என் வேலை போயிரும். நாளைக்கே வாங்க. வந்து, நாலஞ்சு நாளாத் தேடி அலைஞ்சேன்னு சொல்லுங்க. உங்களுக்குக் கோடிப் புண்ணியம்."

வியாழக்கிழமை காலை வந்தான். வந்த கோலம் இருக்கிறதே! கறுப்புக் கண்ணாடி, பூப்போட்ட சட்டை, புதுச் செருப்பு, ஒரு கையில் ஐஸ் போட்ட மைலோ, இன்னொரு கையில் படகுத்துறையில் வாங்கிய மீன் கருவாட்டுப் பொட்டலங்கள். நல்லவேளை, கிராணியார் பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். நான் முதல் நாளே எல்லாம் சொல்லிவைத்திருந்த மேடம் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"இவன் அப்பனத் தேடி வந்தவனா? பிக்னிக் வந்தவன் மாதிரில்ல இருக்கான். இந்த மூஞ்சியக் காட்டினா அந்த ஆளு தீபாவளி வரைக்கும் நாலாம் நம்பர விடமாட்டான். டேய், நீ மேட்டத் தாண்டி அந்தப் பக்கக் கடற்கரைக்குப் போயிட்டு நடந்து வா. வேன்ல ஏறாத. தண்ணி குடிக்காத."

"ஆன்ட்டி, வெயிலு..."

"வெயிலுதான்டா வேணும்!"

போனான். போனவன் திரும்பி வர மத்தியானம் தாண்டிவிட்டது. நடந்து வரவில்லை, ஓடி வந்தான். மேட்டுப் பாதையில் கருவாட்டுப் பொட்டலத்தைப் பார்த்துக் குரங்குக் கூட்டம் அவனை வளைத்துக்கொண்டுவிட்டது. பொட்டலங்கள் போயின, கண்ணாடி போனது, ஒரு செருப்பும் போனது. சட்டைப் பொத்தான் இரண்டு இல்லை. முகம் வெந்த கிழங்காகச் சிவந்திருந்தது. மேடம் பரம திருப்தியோடு தலையாட்டினார். "இப்ப சரி. போய்க் கூப்பிடு."

கிராணியார் வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் பெருக்க ஒன்றுமில்லாத இடத்தைப் பெருக்கிக்கொண்டு நின்றேன்.

"அப்பா..." என்றான் குணா. "எங்கெல்லாம் தேடறதுப்பா உங்கள!"

"எங்கெல்லாம் தேடின?"

"தைப்பிங் ஆஸ்பத்திரி. அப்புறம்... கோயில்."

"எந்தக் கோயிலு?"

குணா என்னைப் பார்த்தான். நான் வானத்தைப் பார்த்தேன். காலம் முழுவதும் பெரட்டில் நின்று பொய்க் காய்ச்சலையும் செத்த பாட்டியையும் விசாரித்துப் பழகிய மனிதர் முன்னால் எங்கள் நாடகம் எத்தனை நேரம் நிற்கும்? என் துணிமணியை மனதுக்குள்ளேயே மடிக்க ஆரம்பித்துவிட்டேன்.

"ஒரு செருப்பு எங்கடா?" என்றார் கிராணியார்.

"குரங்கு எடுத்துக்கிட்டுப் போயிருச்சுப்பா." அதோடு அவனுக்குக் குரல் உடைந்தது. "அன்னிக்கு நான் பொறுத்திருக்கணும்பா. நல்ல நேரம் போனாப் போகுதுன்னு நின்னிருக்கணும். கல்யாணத்துக்கு நீங்கதான்பா தட்டு எடுக்கணும். வாங்கப்பா, வீட்டுக்குப் போலாம்."

பெரியவர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரிக்கிறார்! அந்த வாரம் முழுக்க அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. "குரங்குக்கு இருக்கற மரியாத..." என்று ஏதோ சொல்ல ஆரம்பித்து, முடிக்காமல், பையை எடுக்க உள்ளே போனார். மேடம் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று மூக்கைச் சிந்தினார். கேட்டதற்கு மிளகாய் என்றார். அடுப்பில் மிளகாயே இல்லை.

வேன் வந்தது. மகனை முன்னால் ஏற்றிவிட்டுக் கிராணியார் என்னிடம் வந்து கைபேசியை வாங்கிக்கொண்டார்.

"ஏம்மா, இதோட சத்தம் படகுத்துறை வரைக்கும் கேக்கும். ஒரே ஒரு தடவதான் அடிச்சது, நான் குளிச்சிக்கிட்டு இருந்தப்ப. ரெண்டு தடவன்னு சொன்னியே, சாப்பாட்டு நேரத்துல, அது உன் பொய்யி."

"ஐயா, மகன் வந்து..."

"தேடலன்னு தெரியும். கோயில் பேரு சொல்லத் தெரியல." சட்டைப் பையிலிருந்த பேனாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "ஆனா வெயில்ல நடந்திருக்கான். அது நிஜ வேர்வ. லேட்டா வந்தான், வந்துட்டான். அரைப் பேரு போட்டிருக்கேன்." வேனில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "உனக்கும் அரைப் பேருதான். பொய் சொன்னதுக்கு அரை புடிச்சிட்டேன்" என்றார்.

என் அம்மாவுக்கு அரைப் பேர் போட்டவர்களை ஆயுள் முழுக்கத் திட்டியவள் நான். அன்றைக்கு அந்த அரைப் பேரை வாங்கிக்கொண்டு வாய் கொள்ளாமல் சிரித்தபடி நின்றேன். வெள்ளிக்கிழமை டாக்டர் குடும்பம் வந்தது. என் வேலையும் கூரையும் தப்பின. அதன்பிறகு நான் ஐந்து நிமிடம் பிந்தி எழுந்தாலும் மேடம், "லெச்சுமி, அரைப் பேரு!" என்று கத்துவது வழக்கமாகிவிட்டது.

இப்படிப்பட்ட மேடம்தான், ஒரு விருந்தாளியிடமும் சொல்லாத சொல்லை என்னிடம் சொன்னார். 'போ.' அதுதான் எனக்கு ஆறவில்லை. ஈப்போவுக்கு வந்தபிறகு இரண்டு முறை போன் அடித்தார். எடுக்கவில்லை. மகள் திட்டினாள். "எடுத்துப் பேசினா என்னம்மா? உனக்கு என்னதான் வேணும்?" வாய்வரைக்கும் வந்தது, தேடணும்லா என்று. விழுங்கிவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பகலில் கதவு தட்டும் சத்தம் கேட்டது. திறந்தால் மேடம்! மருந்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் தவிர அந்தத் தீவை விட்டு நகராத மனுஷி, படகு ஏறி, பேருந்து ஏறி, மின்தூக்கி வேலை செய்யாத எங்கள் அடுக்குமாடியில் நாலு மாடி ஏறி வந்து நிற்கிறார். பேச மூச்சில்லை. நெற்றியில் முடி ஒட்டிக் கிடக்கிறது. செருப்பைப் பார்த்தேன்; அவசரத்தில் ஜோடி மாற்றிப் போட்டு வந்திருக்கிறார்.

உள்ளே வந்து சோபாவில் உட்கார்ந்தார். பழக்க தோஷம், கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் உறையைத் தலைமாட்டிலிருந்து கால்மாட்டுவரை தடவினார்.

"இங்க மணலே இல்ல" என்றார். "உனக்கு இங்க என்னா வேலை?"

நான் மின்விசிறியை அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.

"கூட்டித் தொடைக்க வேணாம். அந்தப் பூட்டு பீப் பீப்னு கத்துது, எனக்கு யாரும் பேச்சுத் தொணைக்கு இல்ல. நாலாம் நம்பர் காலியா வச்சிருக்கேன். சும்மா வந்து இரு."

நான் தண்ணீர் கொண்டுவரச் சமையலறைக்குப் போனேன். போகிற வழியில் அவர் தோளைத் துடைப்பதுபோல ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டேன். நிஜ வேர்வைதான். முழுப் பேர் போட்டேன்.